வேட்டி கட்டும் இடமும் டேப் வைக்கும் இடமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் திருமுக்கூடல்காரன். எங்க பெருமாள் கோயில் சுவரிலே வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு இருக்கு. 15 படுக்கை, வைத்தியர், அறுவை செய்பவர், மருந்துப் பட்டியல் என்று 11ஆம் நூற்றாண்டு ஆஸ்பத்திரிக் கணக்கையே சொல்கிறது. அந்த ஊரிலே பிறந்தும் எங்கப்பா நோயை நாங்க கண்டுபிடிக்கல.

அப்பா பட்டுத்தறிக்காரர். காலையிலே குழித்தறியிலே உட்கார்ந்தா இருட்டினப்புறம்தான் எழுந்திருப்பார். கை கால் மெலிசு. வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால். "ஒல்லியான ஆளுக்குச் சுகர் எங்கே வரும்?" என்று இருந்துவிட்டோம். கால் விரல் புண் ஆறாதபோதுதான் ரத்தம் பார்த்தோம். விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

2004இல் லான்செட் இதழில் புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான். உடம்புக் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதம், நம்மவருக்கு 21.2!

2005இல் சென்னை டாக்டர் வி.மோகன் குழுவினர் ஒரு மதிப்பெண் முறை தந்தார்கள். வயது, வயிற்றுச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்று நாலே கேள்வி. சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 எட்டினா 10 மார்க். 100, 90 தொட்டா 20. மொத்தம் 60 வந்தா ஆபத்து அதிகம், ரத்தம் பார்த்தே ஆகணும். (மார்க் குறைஞ்சா சந்தோஷப்படற பரீட்சை இது ஒண்ணுதான்!)

என் கணக்கைச் சொல்றேன். வயது 52, அதுக்கு 30. சுற்றளவு 94, அதுக்கு 10. அப்பாவால் 10. நாற்காலி உத்தியோகம், நடையும் கிடையாது: 30. ஆக 80. எடையோ 62 கிலோ, உயரம் 165 செ.மீ.; பார்க்கிறவங்க குறையே சொல்லமாட்டாங்க. சோதித்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது.

அந்த நிலையில் இருப்பவர்களை மூன்றாண்டு கவனித்து, 2006இல் சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு முடிவு வெளியிட்டது. வழக்கம்போல் விட்டவர்களில் 55 சதம் பேர் நோயாளிகளானார்கள். உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3. முழுசா நிக்கல, குறைஞ்சிருக்கு. அதை நம்பித்தான் தினம் பாலாற்றங்கரையில் நடக்கிறேன். இப்போ 91.

ஒரு எச்சரிக்கை. பேண்ட் அளவை நம்பாதீங்க. நாம வேட்டியும் பேண்டும் கட்டறது தொப்பைக்குக் கீழே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலே, மூச்சை விட்டப்புறம் டேப் வைக்கணும். வயிற்றை எக்கக் கூடாது!

வாசல் மேசையிலே டேப் வச்சிருக்கேன். பந்திக்கு முன்னாடியே அளந்துடலாம்.