பிளஸ் ஒன் படிக்கும்போதே ஒரு கல்லூரிப் பாடம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் குழுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

என் பெண் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம், "அம்மா, சென்னை ஐஐடியில ஒரு வகுப்பு இருக்கு, சேரட்டுமா?" என்று கேட்டாள். "ஸ்கூல் படிக்கிற புள்ளைக்கு காலேஜ் வகுப்பா?" என்று சிரித்துவிட்டேன். டீச்சரைப் போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஐஐடியே எட்டு வாரப் பாடம் நடத்துகிறது. வீடியோவில் பாடம், வாராவாரம் பயிற்சிக் கேள்விகள், முடித்தால் சான்றிதழ். அவள் எடுத்தது டேட்டா சயின்ஸ். கணக்குகளையும் தகவல்களையும் சேர்த்துவைத்து, அதிலிருந்து உண்மையைக் கண்டுபிடிக்கிற படிப்பு.

இது ஒன்றும் அதிசயமில்லை. 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன்னால், பள்ளி முடித்த பிள்ளைகள் கல்லூரியில்தான் பி.யூ.சி. படித்தார்கள். அமெரிக்காவில் இன்றைக்கும் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படித்து, அந்த மதிப்பெண்ணைப் பிறகு பட்டத்தோடு சேர்த்துக்கொள்கிறார்கள்.

சரி என்று சேர்த்துவிட்டேன். வீட்டில் இருப்பது ஒரே போன். கிரிவலப் பாதையில் கடையை எடுத்துவைத்துவிட்டு நான் வந்த பிறகுதான் அவளுக்குப் போன் கிடைக்கும். ராத்திரி பதினோரு மணிக்குப் போனும் கையுமாக, காதில் ஒயரோடு உட்கார்ந்திருப்பாள். அக்கம்பக்கத்தில் ஒருத்தர் ஒன்று சொல்ல, எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. என்ன ஏது என்று கேட்காமல் போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இரண்டு வாரம். அந்த இரண்டு வாரப் பயிற்சி போனது போனதுதான். அவள் அழவில்லை, என்னோடு பேசவும் இல்லை. அடுத்த முறை முதலிலிருந்து ஆரம்பித்துப் படித்து முடித்தாள். இங்கிலீஷில் நடத்தியதால் ஒரே வீடியோவை மூன்று தடவை பார்ப்பாள்.

அந்தப் படிப்பால் என்ன பயன் என்று கேட்பீர்கள். எங்கள் குழுவில் பூ விற்கிற அக்கா ஒருத்தருக்குத் தொடர்ந்து உள்கடன் கொடுக்கவில்லை. தவணை 5-ஆம் தேதி. அவர் அடிக்கடி தாமதம் என்று நாங்களே தீர்மானம் எழுதினோம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. என் பெண் விளையாட்டாக எங்கள் இரண்டு வருஷக் கடன் புத்தகத்தைப் போனில் அட்டவணையாகப் போட்டுப் பார்த்தாள். "அம்மா, அந்த அத்தை பௌர்ணமி முடிஞ்ச ரெண்டு நாள்ல எப்பவும் கட்டியிருக்காங்க. பௌர்ணமி 5-ஆம் தேதிக்கு முன்னால வந்தா சரியா கட்டுறாங்க, பின்னால வந்தா லேட்டுன்னு எழுதுறீங்க" என்றாள்.

நம்ம ஊரில் யாருக்குத் தெரியாது? 14 கிலோமீட்டர் மலை சுற்ற ஜனம் வருகிற அன்றைக்குத்தான் நம் கையில் காசு. தெரிந்திருந்தும் எங்கள் கண்ணில் படவில்லை. அடுத்த கூட்டத்திலேயே உள்கடன் தவணையைப் பௌர்ணமி முடிந்து மூன்றாம் நாளுக்கு மாற்றித் தீர்மானம் போட்டோம். அந்த அக்காவுக்குக் கடன் கொடுத்தோம். மன்னிப்பும் கேட்டோம்.

அன்றைக்கு ராத்திரி என் பெண்ணிடமும் கேட்டேன். "பதினெட்டு ஆனதும் மாப்பிள்ளை பார்க்கலாம்" என்று பேசிக்கொண்டிருந்த அவள் அப்பாவும், "படிக்கட்டும்" என்று அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

தாய்மார்கள் சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரச் சான்றிதழ் பட்டம் ஆகாது. அதைக் காட்டி எங்கும் சீட் கேட்க முடியாது. ஆனால் 2020-ல் சென்னை ஐஐடி தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. பிளஸ் ஒன் முடித்த பிள்ளைகளே அதன் தகுதித் தேர்வை எழுதிவைத்து, பிளஸ் டூ பாஸ் ஆனதும் சேரலாம். ஜேஇஇ வேண்டாம். வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. அதையும் டீச்சரிடம் கேளுங்கள். எது எடுத்தாலும் பள்ளிப் பாடம் கெடக்கூடாது. பொதுத் தேர்வு நேரத்தில் சேர்க்காதீர்கள்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். சாயங்காலம் இரண்டு மணி நேரம் நம் அலுவலகத்தைத் திறந்துவைத்தால், போன் இல்லாத பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்து படிக்கலாம். முறை போட்டு ஒரு தாய் காவலுக்கு இருக்கலாம். முதல் வாரம் நான் வருகிறேன்.

என் பெண் இப்போது பிளஸ் டூ. தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள். பாஸ் ஆவாளா தெரியாது. போன் மட்டும் ராத்திரி அவள் கையில்தான் இருக்கும்.