புள்ளியை நகர்த்தும் முன் ஒரு கேள்வி
(திருச்செங்கோட்டில் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கணிதப் பாடநூலின் ‘இணையச் செயல்பாடு’ பகுதிகளில் வரும் ஜியோஜீப்ரா மென்பொருளை நீங்கள் அறிவீர்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001இல் மார்க்கஸ் ஹோஹென்வார்டர் தொடங்கியது அது. வரைபடத்தின் மீது ஒரு புள்ளியை வைத்து சுட்டியால் இழுத்தால், அதன் ஆயத்தொலைவுகள் பக்கத்திலேயே மாறிக்கொண்டு வரும். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் திரையில் வரும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

நம் ஊரில் ரிக் வண்டி தெரியாத பிள்ளை இல்லை. ஆழ்துளைக் கிணற்றில் ஆழம் கூடக் கூட, அடிக்கான கூலியும் கூடும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். முதல் 300 அடிவரை அடிக்கு ரூ.100. அடுத்த 100 அடிக்கு ரூ.110. அதற்கடுத்த 100 அடிக்கு ரூ.120. ஆக 500 அடிக்கு மொத்தம் ரூ.53,000.

அடியை நூறுகளிலும் ரூபாயை ஆயிரங்களிலும் எடுத்துக்கொண்டு, (0, 0), (5, 53) ஆகிய இரு புள்ளிகளை மட்டும் நேர்கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். கோட்டின் மீது புள்ளியை x = 3 வரை இழுத்தால் y = 31.8 என்று காட்டும். அதாவது ரூ.31,800. ஆனால் 300 அடிக்கு உண்மைக் கூலி ரூ.30,000தான். கணினி பொய் சொல்லவில்லை. நாம் போட்ட கோட்டைப் படித்துச் சொன்னது, அவ்வளவுதான். கடன் வாங்கிக் கிணறு போடும் வீட்டுக்கு ரூ.1,800 சின்னத் தொகை அல்ல.

இப்போது (3, 30), (4, 41) புள்ளிகளையும் சேர்த்து, வரிசையாகக் கோட்டுத்துண்டுகளால் இணைக்கட்டும். x = 3.5இல் 35.5 வரும். 350 அடிக்கு ரூ.35,500, கையால் போட்டாலும் அதே விடை.

தொடக்க வகுப்புக்கு வருகைப் பதிவே போதும். திங்கள் 28 பேர், செவ்வாய் 31 பேர். இரண்டையும் இணைத்த கோட்டின் நடுவில் 29.5 என்று வரும். “அரைப்பிள்ளை பள்ளிக்கு வருமா?” என்று கேளுங்கள். வகுப்பே சிரிக்கும், கருத்தும் மனதில் நிற்கும்.

இன்னொன்று, திரையில் வரும் எண் முழுமையாக்கப்பட்டதாக இருக்கலாம். y = x² − 2 என்ற வளைவரை x அச்சை வெட்டும் இடத்தை 1.41 என்று காட்டும். 1.41ஐ வர்க்கப்படுத்தினால் 1.9881தான், 2 அல்ல.

ஆகவே மூன்று பழக்கங்கள். நகர்த்தும் முன் ஊகத்தை நோட்டில் எழுதுதல், நகர்த்திப் பார்த்தல், பிறகு கையால் சரிபார்த்தல். ஒரு கணினிக்கு இருவர் என்றால், ஒருவர் இழுக்கட்டும், ஒருவர் எழுதட்டும். ஆய்வகம் கிடைக்காத நாளில் வரைபடத்தாளும் ஸ்கேலும் போதும். ஸ்கேலை நகர்த்திப் படிப்பதும் இதே வேலைதான். பொதுத்தேர்வில் கைகொடுப்பதும் அதுதான்.

எந்த வரைபடத்தைப் பார்த்தாலும், “இந்தப் புள்ளி அளந்து வைத்ததா, கோடு சொல்வதா?” என்று நம் பிள்ளைகள் கேட்கட்டும்.