நாய் குரைக்கட்டும்



பழைய படைப்பைப் புதிய தலைமுறைக்கு எவ்வாறு வழங்குவது? இவ்வினாவிற்கு இத்தாலியின் மிலான் நகரத்து இளங்கலைஞர்கள் இசையால் விடை தந்தனர். 1985ஆம் ஆண்டில் அவர்கள் அமைத்த சிற்றிசைக் குழுவின் பெயர் 'இல் ஜார்தினோ ஆர்மோனிகோ'. 'இன்னிசைத் தோட்டம்' எனலாம். குழலிசைக் கலைஞர் ஜொவான்னி அந்தோனினி அதனை வழிநடத்தினார்.

விவால்டியின் 'நான்கு பருவங்கள்' 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியபோது, பருவத்திற்கு ஒன்றாகப் பதினான்கடிப் பாக்களும் உடன் வந்தன. இளவேனிலின் நடுப்பகுதியில் ஆட்டிடையன் உறங்குகிறான், இலைகள் சலசலக்கின்றன, அருகே அவனது நாய். வியோலாவிற்குரிய வரியில் 'குரைக்கும் நாய்' என்றே குறித்த விவால்டி, அதனை எப்போதும் மிக உரக்க, வெடுக்கென இழுத்து வாசிக்குமாறும் பணித்துள்ளார்.

இருபதாம் நூற்றாண்டின் இசையரங்குகள் பல அந்த நாயை அடக்கிவிட்டன. மென்மையே அழகு என்பது அவற்றின் எண்ணம். மிலான் இளைஞர்களோ குடல்நரம்பு பூட்டிய கருவிகளையும் அக்கால வில்லையும் ஏந்தி, ஏட்டை மீண்டும் படித்தனர். 1993இல் அவர்கள் செய்த ஒலிப்பதிவில் நாய் குரைத்தது. குளிர்காலத்தில் பற்கள் கிடுகிடுத்தன.

முரட்டுத்தனம் என முகஞ்சுளித்தோரும் உளர். விரைவிலும் அழுத்தத்திலும் குழுவினர் உரிமை எடுத்துக்கொண்டது மெய்யே. ஆயினும் நாயின் முரட்டுக்குரல் விவால்டி எழுதியது. இடைக்காலத்துச் செவிகளே அதனை மழுக்கின.

முன்னோர் பாடலை மெருகேற்ற முனையும் கவிஞர், அதில் கரடாகத் தோன்றும் சொல்லை நீக்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம். அப்பாடலின் உயிர் அச்சொல்லிலேயே இருக்கக்கூடும்.