நடுநிலை பழக்குவது எங்ஙனம்?



மயிலாப்பூரில் திருவள்ளுவர்க்கு ஒரு கோயில் உண்டு. அவர் அவ்வூரில் பிறந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டியோ தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடவாத ஆண்டில்லை. நடுவுநிலைமை என்னும் பன்னிரண்டாம் அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் ஒரு சிறுவன் ஓரெழுத்தும் பிழையாமல் ஒப்புவிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை கைதட்டுகிறது, பரிசும் கிடைக்கிறது. அன்று மாலை வீட்டில் அவன் தட்டில் இரண்டு பணியாரமும் அவன் தங்கையின் தட்டில் ஒன்றும் வைக்கப்படுகின்றன. அவன் இரண்டையும் உண்டு, கை கழுவி, விளையாடப் போகிறான். அச்சிறுவன் அன்று கற்றது எதனை? காலையில் ஒப்புவித்த பத்துக் குறளையா? மாலையில் கண்ட அந்த இரண்டு தட்டுகளையா?

நடு என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தது நடுநிலை. துலைக்கோலின் முள் நடுவில் நின்றாலன்றி எடை நேராகாது. பிறர் பொருளை நிறுக்கும்போது அம்முள்ளை நடுவில் நிறுத்துதல் எளிது. கோலைப் பிடித்த கையும் தன்கை, தட்டில் கிடக்கும் பொருளும் தன்பொருள் என்னும்போதுதான் முள் அசைகிறது. ஆகவே, நடுநிலை என்பது அறிவில் நிற்கும் செய்தியன்று; பழகிப் பழகிக் கையில் வரவேண்டிய பண்பு.

இதனை உளநூலார் ஆய்ந்தும் பார்த்துள்ளனர். இந்தியா உட்பட ஏழு நாடுகளின் குழந்தைகளிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2015-இல் வெளிவந்தது. இருவர்க்கு இனிப்புப் பங்கிடும்போது தனக்குக் குறைவாக வந்தால் அப்பங்கீட்டை மறுக்கும் இயல்பு ஏழு நாட்டுக் குழந்தைகளிடத்தும் காணப்பட்டது. தனக்கு மிகுதியாக வந்தாலும், ‘இது முறையன்று’ என்று மறுக்கும் இயல்போ கனடா, அமெரிக்கா, உகாண்டா என்னும் மூன்று நாடுகளில் மட்டும், அதுவும் சற்று வளர்ந்த பிள்ளைகளிடமே காணப்பட்டது. இதனால் விளங்குவது யாது? தன் உரிமையைக் கேட்கப் பிள்ளைக்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. தனக்கு வந்த மிகையை விட்டுக்கொடுக்கவோ கற்பித்தே ஆகவேண்டும்.

தியாகராய நகரை எண்ணிப் பாருங்கள். அந்நகர்க்குப் பெயர் தந்த பிட்டி. தியாகராயரும், அங்குள்ள பூங்காக்களுக்குப் பெயர் தந்த பனகல் அரசரும் மருத்துவர் நடேசனாரும் நயன்மைக் கட்சியின் தலைவர்கள். நயன்மையைப் பெயராகக் கொண்ட கட்சியின் நினைவு அந்நகரின் தெருக்களில் நிறைந்திருக்கிறது. வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்கவந்த பார்ப்பனரல்லாத மாணவர்கள் தங்க இடமின்றி இடருற்றபோது, நடேசனார் 1916-இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் விடுதியைத் தொடங்கினார். தியாகராயர் மாநகராட்சித் தலைவராயிருந்தபோது, 1920-இல், ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப்பிள்ளைகட்கு நண்பகல் உணவு வழங்க மன்றம் இசைவளித்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு! 1956-இல் காமராசர் காலத்துப் பகலுணவும், 1982-இன் சத்துணவும், 2022-இன் காலையுணவும் அவ்வழியில் வந்தவையே. அதே 1920-இல் முதலமைச்சர் பதவி தம்மைத் தேடி வந்தபோது, தியாகராயர் அதனை ஏற்கவில்லை என்பதையும் பிள்ளைகட்குச் சொல்ல வேண்டும்.

அக்காலத்தே தெற்கில் வேறொரு பாடமும் நடந்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவிக் குருகுலத்தில் தமிழும் நாட்டுப்பற்றும் கற்பிக்கப்பட்டன. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் பார்ப்பனச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவிடப்பட்டது. 1924, 1925-ஆம் ஆண்டுகளில் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதனை எதிர்த்துக் கிளர்ந்தபோது, ‘இருவர்க்கு மட்டுந்தானே’ என்று அமைதி கூறியவர்களும் உண்டு. இலையை எண்ணினர்; அதனைக் கண்டுகொண்டிருந்த கண்களை எண்ணவில்லை. ஒவ்வொரு வேளையும் அத்தனைச் சிறுவர்க்கும், ‘மாந்தருள் ஏற்றத்தாழ்வு உண்டு’ என்னும் பாடம் ஒருசொல்லும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

இனி வருவதே கடுமையான ஆய்வு. மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார், கோயிலில் பெண்மக்கட்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடியவர். 1930-இல், அவ்வழக்கத்திற்கு உட்பட்ட குடியினின்று மூன்று சிறுமியர் அடைக்கலம் வேண்டி அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். பார்ப்பன மாணவியர் விடுதி அவர்களை ஏற்கவில்லை; பார்ப்பனரல்லாத மாணவியர் விடுதியும் ஏற்கவில்லை என்பது அவ்வை இல்லம் தோன்றிய வரலாறு. அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அம்மூவரோடு தொடங்கியதே இன்றும் அடையாற்றில் நின்று பெண்மக்கட்கு உணவும் உறையுளும் கல்வியும் தரும் அவ்வை இல்லம். பொட்டுக்கட்டைத் தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தது; இல்லமோ சட்டத்திற்காகக் காத்திருக்கவில்லை.

பெருமக்களே! அந்த இரண்டாவது கதவை எண்ணிப் பாருங்கள். முதற்கதவு அடைபட்டது வியப்பன்று. பார்ப்பனரல்லாதார்க்கெனத் தனிவிடுதிகள் எழுந்ததே, பிற கதவுகள் அவர்கட்கு அடைபட்டமையால். அடைபட்ட கதவின் துயரை அறிந்தவர்களே தமக்கும் கீழே வைக்கப்பட்டவர் வந்தபோது கதவடைத்தனர். தமக்கு மறுக்கப்பட்டதைக் கேட்பது உரிமை. தம்மிடம் கேட்கப்படுவதைக் கொடுப்பதே நடுநிலை. முன்னதை மட்டும் கற்ற இனம், மேலிருப்பவனை நோக்கிக் குரல் எழுப்பும்; கீழிருப்பவன் குரல் அதன் செவியில் விழாது.

ஆகவே, நடுநிலையைப் பழக்க விரும்பும் பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை சில உண்டு. வீட்டில் பண்டம் பங்கிடும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். பங்கிட்டவன் தன் பங்கைக் கடைசியில் எடுக்கட்டும். மகனுக்கொரு முறை, மகளுக்கொரு முறை என்பது உணவிலும் வேலையிலும் வேண்டா. வகுப்பில் ஆசிரியர் தண்டித்தால் கரணியம் சொல்லித் தண்டிக்கட்டும். தம் தீர்ப்புப் பிழையென்று கண்டால் அவ்வகுப்பின் முன்னிலையிலேயே திருத்திக்கொள்ளட்டும். அதனால் ஆசிரியரின் மதிப்புக் குறையாது. பிழைத்த கோல் திருத்தப்படும் என்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்பர். தன் நண்பன் செய்த தவற்றை மறைக்காமல் உரைத்த பிள்ளையைத் தனிமைப்பட விடாது துணைநிற்கட்டும்.

இறுதியாக ஒன்று. மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வீட்டுவேலைக்கு வரும் அம்மையர் பலர். அவர்கள் குளம்பி அருந்துவதற்கென்று அடுக்களையின் ஓர் ஓரத்தில் தனிக்குவளை வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. அவ்வீட்டுப் பிள்ளைக்கு அக்குவளை தெரியும். அதில் தனக்குப் பால் தரப்படாதென்பதும் தெரியும். ஏன் என்று அவன் ஒருநாள் கேட்பான். அதற்கு விடைசொல்ல நாணும் தாய் அக்குவளையை மற்றக் குவளைகளோடு சேர்த்து அடுக்கிவிடட்டும். அன்றுதான் அவ்வீட்டில் நடுவுநிலைமை அதிகாரம் படிக்கத் தொடங்கப்படுகிறது.