மாஷிமாவின் மஃப்ளர்
(ஜாதவ்பூரில் நம் உறுப்பினர்களின் குளிர்காலச் சந்திப்பில் பேசியது)

"ஏதாவது கைவேலையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கோ மாமி" என்று சொன்னதும், நான் ஒயர் கூடையைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பேள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போன மாதம் ஒரு மஃப்ளரை முடித்தேன். முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அந்தக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

1981-ல் கல்யாணமாகி இந்த ஜாதவ்பூருக்கு வந்தேன். நான் கும்பகோணத்துப் பெண். என் அம்மாவுக்குக் கம்பளி பின்னத் தெரியும். 1962 சீன யுத்தத்தின்போது ஜவான்களுக்காக நாடு முழுக்கப் பெண்கள் ஸ்வெட்டர் பின்னினார்களே, அப்போது அவளும் கற்றுக்கொண்டு ஒன்று பின்னி அனுப்பினாளாம். அதோடு சரி. கும்பகோணத்தில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை! இங்கே வந்து பார்த்தால், ஜனவரியில் 14 டிகிரிக்கு இறங்கினாலே எல்லோரும் மங்கி கேப்புக்குள் நுழைந்துவிடுகிறார்கள். மத்தியான வெயிலில் மொட்டைமாடிக்கு மாடி ஊசிகள் அசைந்துகொண்டே இருக்கும்.

அடுத்த வீட்டில் ஒரு மாஷிமா. தேசப் பிரிவினைக்கு அப்புறம் பிஜய்கட், ஆஸாத்கட், பாகாஜதீன் என்று நம்மைச் சுற்றி அகதிக் காலனிகள் எழும்பினவே, அப்படி ஒன்றுக்கு 1950-ல் பரிசாலிலிருந்து பத்து வயதுப் பெண்ணாக வந்து சேர்ந்தவர். பதினாலு வயதில் ஆர்டர் எடுத்து ஸ்வெட்டர் பின்னி, தம்பிகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டினவர். எனக்குப் பெங்காலி ஒரு வார்த்தை தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. 'உல்' என்றால் கம்பளி, 'காண்டா' என்றால் ஊசி, 'ஸோஜா' நேர்க் கண்ணி, 'உல்டோ' மாற்றுக் கண்ணி, கண்ணிக்கு 'கொர்', அதாவது வீடு! நான் கற்ற முதல் பெங்காலி இதுதான். மீன் சமைக்கிற வீட்டுக்குப் போகிறாளே என்று என் மாமியாருக்குக் கொஞ்சம் தயக்கம். "கம்பளிக்கு மடி போகாது" என்று மாமனார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்தச் சாஸ்திரத்துக்கு இன்றைக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சாதாரணப் பின்னல் ஒரு சீசனில் வந்துவிட்டது. கலர் டிசைன் வரவில்லை. ஒரே வரிசையில் இரண்டு கலர் ஓடும்; தேவையான கலரை முன்னே பின்னிவிட்டு, மற்றதைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தப் பின் இழையை இறுக்கினால் துணி முழுக்க அப்பளம் மாதிரிச் சுருங்கிவிடும். தளர விட்டால் விரல் மாட்டும். என் முதல் மஃப்ளரைக் குழந்தையின் கழுத்தில்கூடச் சுற்ற முடியவில்லை. மாஷிமா முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டு விரலால் ஒரு தடவு தடவினார், ஊசியை உருவினார், ஆறு அங்குலத்தையும் பிரித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் கற்றுத் தந்ததைச் சொல்கிறேன், பின்னுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். கலர் மாற்றும் முன் வலது ஊசியிலுள்ள கண்ணிகளை நன்றாகப் பரப்பிவிட வேண்டும். ஒரு கலர் ஐந்து கண்ணிக்கு மேல் பின்னால் சும்மா ஓடக்கூடாது. ஓடினால் நடுவில் ஒரு தடவை மற்ற இழையோடு பின்னிக் கோத்துவிட வேண்டும். எந்தக் கலர் கீழாக வருகிறதோ அதுதான் முன்னால் எடுப்பாகத் தெரியும், அதனால் பூவின் கலர் எப்போதும் கீழே, தரையின் கலர் மேலே. பாதியில் மாற்றினால் டிசைன் மங்கிவிடும். ஆரம்பிக்கிறவர்களுக்கு நிஜக் கம்பளி நல்லது, கேஷ்மிலான் வழுக்கும். சிவப்பை முதலிலேயே நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மஃப்ளரில் இன்னொரு சங்கடம், அதன் பின்பக்கமும் வெளியே தெரியும். அதனால் தட்டையாகப் பின்னாமல் குழாயாகவே பின்னிவிடுவது. 3.25 மில்லிமீட்டர், அதாவது பழைய கணக்கில் 10-ஆம் நம்பர், வட்ட ஊசியில் 112 கண்ணி. அங்குலத்துக்கு ஏழு என்றால் சுற்றளவு 16 அங்குலம், மடித்தால் எட்டு. இழையெல்லாம் உள்ளே மறைந்துவிடும், இரட்டைச் சூடு, 'உல்டோ'வே கிடையாது. ஐந்து அடிக்கு ஏறக்குறைய 480 சுற்று, 53,760 கண்ணி. நான் கணக்குப் போட்டிருக்கவே கூடாது!

இந்தக் கலைக்குப் பேர்போன இடம் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபேர் ஐல் என்ற குட்டித் தீவு. எத்தனை கலர் இருந்தாலும் ஒரு வரிசைக்கு இரண்டுதான் என்பது அவர்கள் நியமம். 1588-ல் அங்கே ஒரு ஸ்பானியக் கப்பல் உடைந்ததாம், டிசைன்களை அந்த மாலுமிகள் கொடுத்தார்களாம் என்று ஒரு கதை உண்டு, நான் நம்பவில்லை. பெண்கள் தாங்களே யோசித்துச் செய்தார்கள் என்றால் யாருக்கும் ஒத்துக்கொள்ள மனசு வராது. நம் தேசத்திலும் ஹிமாசலத்தின் லாஹௌலில் கலர் டிசைன் போட்ட சாக்ஸ், கையுறைகள் உண்டு. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் கேலாங்கில் மரியா ஹைடே என்ற ஜெர்மானிய மிஷனரியின் மனைவி பின்னல் பள்ளி நடத்தினார்.

நான் கோலத்தைக்கூட கிராஃப் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சிக்குக்கோலம் வராது, வளைவுகள் படிப்படியாகப் போய்விடும். புள்ளி சேர்க்கிற நட்சத்திரம் வரும். ஆனால் கண்ணி உயரத்தைவிட அகலம் கொஞ்சம் அதிகம், அதனால் கோலம் சற்று அமுங்கியிருக்கும். மேலே ஒரு வரிசை கூட்டிக்கொள்ள வேண்டும். மாஷிமா அதைப் பார்த்துவிட்டு, "உங்கள் வாசலையே கழுத்தில் போட்டுக்கொள்ளலாம்" என்றார்.

2023 துர்கா பூஜைக்கு அப்புறம் அவர் போய்விட்டார். கடைசி வருஷங்களில் கண் போய்விட்டது, விரலால்தான் கண்ணி எண்ணுவார். காரியங்கள் முடிந்து அவர் மருமகள் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பும் சந்தனக் கலரும், ஊசியோடு, இருபது அங்குலம். என் நட்சத்திரக் கோலம்தான். கலர்களைப் பக்கத்து வீட்டுக் குழந்தை எடுத்துக் கொடுக்குமாம்.

நான் தொடவே மாதக்கணக்கில் ஆயிற்று. பின்ன ஆரம்பித்தால் என் கை வேறு, அவர் கை வேறு. என்னுடையது இறுக்கம். சேருமிடத்தில் துணி கொஞ்சம் உள்ளே வாங்கியது. நான்கு தடவை பிரித்தேன். பெண் சொன்னாள், "முழுக்கப் பிரித்து நீயே முதலிலிருந்து போடும்மா, ஒரே மாதிரி இருக்கும்." சரியான யோசனைதான். எனக்கு மனசு வரவில்லை. அவருடைய இருபது அங்குலத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு கால் குறைகிறது. அதையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

இதோ கொண்டுவந்திருக்கிறேன். அடுத்த வாரம் அவர் பேத்தி ஸிலிகுரிக்கு வேலைக்குப் போகிறாள், அவளுக்குத்தான். கடைசி ஓரத்தை இன்னும் மூடவில்லை, நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக. கை மாற்றிக்கொண்டே போங்கோ, உள்ளே கையை விட்டுப் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கோ. எந்த இடத்தில் என் கை ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்கிறவர்களுக்கு ஃபில்டர் காபி நான் போட்டுத் தருகிறேன்.