கொழுந்து பறிக்கும் கையும் அதன் கருவிகளும்

தேயிலை இயல்பில் ஒரு மரம். வெட்டாமல் விட்டால் முப்பது அடிக்கும் மேல் ஓங்கி, பூத்துக் காய்த்து நிற்கும். அதை இடுப்பளவில் நிறுத்தி, தலையைத் தட்டையாக்கி, மறுபடி மறுபடி துளிர்க்க வைப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் வடிவமைப்பு. இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர் தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா மலைகளிலெல்லாம் தேயிலை பரவியபோது இந்தத் தட்டைப் பரப்பும் கூடவே பரவியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆண்கள் கவ்வாத்துக் கத்தியால் செடியை வெட்டி இறக்குவார்கள். இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தப் பரப்பைக் காப்பது பெண்களின் விரல்கள்.

'ரெண்டு இலையும் ஒரு மொட்டும்' என்பது பறிப்பின் விதி. சொல்ல எளிதான இந்த விதி செடிக்கு முன்னால் நிற்கும்போது அவ்வளவு எளிதல்ல. ஒரே செடியில் இன்று பறிக்க வேண்டிய கொழுந்து இருக்கும். அடுத்த முறைக்கு விட்டுவைக்க வேண்டிய அரும்பு இருக்கும். வளர்ச்சி அடங்கிப்போன முனையும், முற்றிய இலையும் கலந்து கிடக்கும். முனையடங்கியதை ஒடித்து எடுக்காவிட்டால் கிளை தூங்கிவிடும். அரும்பைச் சேர்த்துப் பறித்துவிட்டால் அடுத்த சுற்றில் எடை விழும். பழகிய பெண்ணின் கண் இதையெல்லாம் ஒரே பார்வையில் பிரித்துவிடுகிறது. இரண்டு கைகளும் தனித்தனியே ஓடுகின்றன. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தண்டைப் பிடித்து, பக்கவாட்டில் ஒரு சிறு மடிப்பு. கொழுந்து ஒடிந்து வந்துவிடும். நகத்தால் கிள்ளுவதும் இழுத்துப் பிய்ப்பதும் கூடாது. கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் வீச வேண்டும். பறித்ததை உள்ளங்கையில் இறுக்கினால் இலை கசங்கும். கசங்கிய இடத்தில் சாறு கசிந்து, தொழிற்சாலைக்குப் போகும் முன்பே சிவக்கத் தொடங்கும். தொழிற்சாலை மாடியில் பல மணி நேரம் வாடிய பிறகு, ரோதை என்னும் உருட்டு இயந்திரத்தில் அரைபடும்போது நடக்க வேண்டிய மாற்றம் அது. முன்கூட்டியே நடந்துவிட்டால் தேநீர் மங்கிப்போகும். தேயிலையின் தரத்தைத் தொழிற்சாலை மேலும் கெடாமல் காக்கலாம். பறிப்பில் போனதை எந்த இயந்திரமும் திரும்பக் கொண்டுவராது.

பரப்பை மட்டமாக வைத்திருக்க மட்டக்கம்பு உதவுகிறது. செடியின் மேல் கிடத்தும் மெல்லிய, நீளமான குச்சி அது. அதற்கு மேலே நிற்பதை எடுக்க வேண்டும், கீழே இருப்பதை விட வேண்டும். செலவில்லாத, பழுதாகாத, எவர் கைக்கும் பொருந்தும் இந்தக் குச்சியைவிடச் சிறந்த அளவுகோல் தேயிலை மலையில் இதுவரை வந்ததில்லை என்று துணிந்து சொல்லலாம்.

கூடையைப் பற்றி அப்படி முழு மனதோடு சொல்ல முடியாது. மூங்கிலிலோ பிரம்பிலோ பின்னிய கூடை இலைக்கு மிக நல்லது. பறித்த இலை மூச்சுவிடும், சூடு வெளியேற்றும். பின்னலின் இடைவெளிகளில் காற்று புகுந்து அந்தச் சூட்டைத் தணிக்கிறது. கூடையின் விறைப்பு இலையை அமுங்காமல் வைக்கிறது. ஆனால் அதன் கயிறு தலை உச்சியில் மாட்டப்படுகிறது. மடித்த துணி ஒன்றை அடியில் வைத்தாலும், நிறைந்த கூடையின் பாரம் முழுவதும் கழுத்தெலும்பின் மீதுதான் இறங்குகிறது. இடுப்பில் சுற்றிய படங்கு மழையில் நனைந்து கனக்கும். காலில் அட்டை ஏறும். சறுக்கும் சரிவில், குளவிக் கூட்டுக்கும் சிறுத்தைக்கும் அஞ்சிக்கொண்டே பறிக்கும் பெண் நிரையில் நடக்க வேண்டும். பல தோட்டங்களில் கூடைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் இழைப் பைகள் வந்துவிட்டன. பை இலேசானது, விலையும் குறைவு. ஆனால் இறுக்கி அடைத்தால் இலை புழுங்குகிறது. தலைக்கயிறோ அப்படியே இருக்கிறது. இலையின் நலத்துக்காக இத்தனை யோசித்த ஒரு தொழில், நூற்றைம்பது ஆண்டுகளாகியும் பாரத்தைத் தோளுக்கும் இடுப்புக்கும் பகிர்ந்துவிடும் ஒரு வார்ப்பட்டையை எல்லார் முதுகுக்கும் கொண்டுசேர்க்கவில்லை. முதுகுப்பை தூக்கிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கிடைத்த வசதி அவன் தாய்க்குக் கிடைக்கவில்லை.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் இன்னொரு கருவி காத்திருக்கிறது. நாளில் சில முறை கொழுந்து அங்கே கொட்டப்பட்டு, தராசில் ஏறி, கணக்கில் பதிவாகிறது. பல தோட்டங்களில் ஒரு நாளுக்கு 18 கிலோ அளவில் நிர்ணய எடை இருந்துவந்தது. அதை எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாயான பின்னர், நிர்ணய எடையும் கூட்டப்பட்டதாகத் தொழிலாளரும் தொழிற்சங்கங்களும் முறையிட்டனர். மின்னணுத் தராசு வந்த இடங்களில் எண் கண்ணுக்குத் தெரிகிறது. பைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்பதை மட்டும் இன்னமும் மனிதர்களே தீர்மானிக்கிறார்கள். இதில் ஆழமான ஒரு முரண் உண்டு. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர, துளிர் மெதுவாக வளர்கிறது. அப்போதுதான் மணமும் சுவையும் உச்சத்தில் இருக்கும். கொழும்பு ஏலத்தில் பேர் வாங்கித் தரும் அந்தக் கொழுந்து எடையில் குறைவு. எடையால் மட்டும் அளக்கும் தராசு, சிறந்த கொழுந்தை எடுத்த நாளில்தான் பறித்தவளைக் குறைவாக மதிக்கிறது.

இப்போது கத்தரியின் காலம். ஒரு பக்க அலகில் தட்டுப் பொருத்திய கைக்கத்தரி சில தோட்டங்களில் புழங்குகிறது. மின்கலத்தில் ஓடும் இயந்திரங்களும் வந்திருக்கின்றன. ஜப்பானில் இவ்வகைக் கத்தரி பல தலைமுறைகளாகப் பழக்கத்தில் உள்ளது. அங்கே செடிகள் வேலி போல் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் வளர்க்கப்படுகின்றன. மலையகத்தின் நிலம் வேறு. விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலையில் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு குணம். துளிர்க்கும் நாளும் வேறுபடும். அங்கே கத்தரி அரும்பையும் முத்தலையும் சேர்த்தே வெட்டும். தலவாக்கலை சென்ட் கூம்ப்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டிஆர்ஐ 2025 போன்ற, விதையின்றித் துண்டுகளிலிருந்து வளர்க்கும் பதியவகைச் செடிகள் ஒன்றுபோலத் துளிர்ப்பதால் அங்கே கத்தரிக்கு இடமுண்டு. அப்போதும் அலகு பரப்புக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். தாழ்ந்தால் செடியைப் பேண விட்டுவைத்த பராமரிப்பு இலையும் போய்ச் செடி சோரும். இடையிடையே கைப்பறிப்பும் நடந்தால்தான் பரப்பு கெடாது.

இளையவர்கள் கொழும்புக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்ட மலைகளில் ஆள் போதவில்லை. கத்தரியை மறுப்பது எளிதல்ல. ஆனால் அது யாருடைய பிழைப்பைக் குறைக்கிறது என்ற கேள்வியும் உண்மையானது. கென்யாவின் கெரிச்சோவில் 2023 மே மாதம் பறிப்பு இயந்திரங்கள் தீக்கிரையாக்கப்பட்டதற்கு வேலையிழப்பின் கோபமே காரணம். மலையகத்துக்குப் பொருந்தும் கத்தரி எடை குறைந்ததாக, சிறிய கைக்கு அடங்கும் பிடியோடு, சரிவில் ஒரு காலை ஊன்றியபடியே இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வெட்டிய கொழுந்து தலைக்குப் போகாமல் இடுப்போரப் பைக்குப் போக வேண்டும். அதற்குரிய நிர்ணய எடை, கத்தரியைச் சில சுற்று கையில் பிடித்துப் பார்த்த பெண்களோடு பேசியே வைக்கப்பட வேண்டும்.