விசாரணையில் வஞ்சனையும் வற்புறுத்தலும்

(பொன்னமராவதியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கடையும் அடகுமாக ஜீவிக்கிற நமக்குக் களவு புதிதன்று. ஒரு பொருள் காணாமற்போனவுடன் கடைப் பையனைச் சுட்டி, "நாலு தட்டுத் தட்டினால் உண்மை வரும்" என்று போலீஸாரிடம் நாமே சொல்லி வருகிறோம். இது தர்மமாகுமா?

1855-ல் சென்னை மாகாணத்துச் சித்திரவதைக் கமிஷன், கிட்டி கட்டுதல் முதலிய கொடுமைகளை வெளிப்படுத்திற்று. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக ரூபிக்கலாகாதென 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியமும் இவ்விதியைக் கைவிடவில்லை. ஆயினும் காவலிலிருப்பவர் சொல்லால் பொருள் அகப்பட்டால், அது சம்பந்தமான அளவுக்கு அச்சொல் செல்லும். அடிக்கும் ஆசை இச்சந்தின் வழியே நுழைகிறது.

அடி ஒன்றே வற்புறுத்தலன்று. ஓயாத கேள்விகளாலும் மிரட்டும் சூழ்நிலையாலும் மனத்தை நசுக்குவதும் வற்புறுத்தலே என 1978-ல் நந்தினி சத்பதி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் கூறினர்.

வஞ்சனையோவெனில், ஏமாற்றிப் பெற்றதென்ற ஒரே காரணத்தால் ஒப்புதல் தள்ளத்தக்கதாகாது என்கிறது சட்டம். சட்டம் பொறுப்பதெல்லாம் தர்மமன்று. மாறுவேடத்தில் சென்று திருட்டுப் பொருளைக் கண்டறிவது வேறு. காவலில் தனித்து நிற்பவனிடம் "உன் கூட்டாளி ஒப்புக்கொண்டான்" என்று பொய்யுரைப்பது வேறு. தேர்ந்த கள்ளன் அப்பொய்யைக் கண்டுகொள்வான்; நிரபராதியோ, இனித் தன் சொல் எடுபடாதென்று கலங்கி, செய்யாததையும் ஒப்புவான். மெய்க்கள்வன் வெளியே திரிவான்.

அண்டை ஜில்லாவாகிய சிவகங்கையின் மடப்புரத்தில், 2025 ஜூனில், நகை காணோமென்ற புகாரின்பேரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி போலீஸ் வசத்தில் மாண்டார். வழக்கு சி.பி.ஐ.யிடம் சென்றது. நகையை மறுபடி செய்யலாம், உயிரை?

சிலம்பு திருடியதாக, ஆராயாமற் கொல்லப்பட்ட கோவலன் ஒரு வணிகன். அன்று பழி சுமந்தவன் நம்மைப் போன்றவன். இன்று பழி சுமத்துவோர் நாம்.

ஆதலின் மூன்று உறுதி கொள்வோம். கண்டதை மட்டும் எழுத்தில் புகாராகக் கொடுப்போம். அடிக்கும்படி ஒருபோதும் கேளோம். பிடிபட்டவன் நம் வேலையாளே ஆயினும், அவன் வீட்டாருக்கு உடனே தெரிவித்து, வக்கீலை அமர்த்தவும், 24 மணி நேரத்துள் மாஜிஸ்திரேட் முன் அவன் நிறுத்தப்படுவதைக் கவனிக்கவும் துணை நிற்போம்.

பொருளிழந்தோம் என்ற ஆத்திரத்தில் நியாயத்தையும் இழவாதிருக்கக் கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.